ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏன் நிற்கிறது?

மும்பைக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்கள், மராத்தியில் நாலு வார்த்தை பேசப் பழகு முன்னரே கற்றுக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘மெகா பிளாக்’. வாரக் கடைசியில் பத்திரிகையின் ஒரு மூலையில் அச்செய்தி வெளிவரும். மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே விரைவுப் பாதைகளில் பராமரிப்பு வேலை. ஹார்பர் பாதையில் குர்லாவுக்கும் வாஷிக்கும் இடையே வண்டிகள் ஓடா. காலை 11 மணியளவில் தொடங்கி மாலை 4 மணியளவில் முடியும் என்ற பாணியில் அது இருக்கும். படித்தவுடன் நமக்குக் கோபம் வருகிறது. “வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கும் வண்டியை நிறுத்திவிட்டார்களே! இந்த வேலையை இரவில் செய்யக் கூடாதா?” என்று கேட்கிறோம்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டியைப் பற்றி மட்டுமல்ல, இந்த நகரத்தின் உயிர்நாடியைப் பற்றியே பல உண்மைகள் புலப்படும். நான் ரயில்வே நிபுணன் அல்லன். பௌதிகம் பயிலும் மாணவன். செம்பூரிலிருந்து தினமும் போய்வரும் பிரயாணி. அந்த இரண்டு தகுதிகளோடு, எனக்கு விளங்கியதை என் தோழர்களுக்கும் விளக்க முயல்கிறேன்.

நம் பேட்டைகளின் பாதைகள்

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய வண்டியே இந்தியாவில் பிரயாணிகளுக்காக ஓடிய முதல் ரயில் என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தப் பாதைதான் இன்று மாட்டுங்கா, சயான் நிலையங்கள் வழியாகச் செல்லும் மத்திய ரயில்வேயின் பிரதான பாதை. தாராவியின் கிழக்கு எல்லையை ஒட்டி அது போகிறது. தாராவியின் மேற்கே மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையங்கள் வழியாக மேற்கு ரயில்வே போகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாட்டுங்காவில் 1915-இல் ஏற்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. ஓடித் தேய்ந்த பெட்டிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அங்கே வந்து, பிரித்துப் பூட்டப்பட்டு, புதுமெருகோடு திரும்புகின்றன.

செம்பூரின் கதை வேறு. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-இல் போட்ட ஒற்றைப் பாதை முதலில் மனிதர்களுக்காக அல்ல. நகரத்துக் குப்பையை ஏற்றிச் செல்வதற்காக! 1924-இல்தான் பிரயாணிகளுக்கு அதில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1925 பிப்ரவரி 3-ஆம் நாள், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஹார்பர் பாதையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. 1992-இல் மான்குர்டிலிருந்து கடற்கழியைத் தாண்டி வாஷிக்குப் பாலம் வழியாக வண்டி போகத் தொடங்கிய பிறகு, ஹார்பர் பாதை நவி மும்பைக்கும் உயிர்நாடியாகிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மாட்டுங்கா வழியே செல்லும் பிரதான பாதையில் நான்கு தடங்கள் உண்டு. போக இரண்டு, வர இரண்டு. அவற்றில் ஒரு ஜோடி எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளுக்கு, மற்றொரு ஜோடி விரைவு வண்டிகளுக்கு. செம்பூர் வழியே செல்லும் ஹார்பர் பாதையிலோ போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைத் துன்பம் எல்லாப் பேட்டைகளுக்கும் ஒரே அளவாக இராமைக்குக் காரணம் இந்தத் தடக் கணக்கே. அதைப் பின்னால் பார்ப்போம்.

தண்டவாளம் படும் பாடு

இரும்பு உறுதியானது; அதற்கு என்ன கேடு வரப்போகிறது என்று நினைக்கிறோம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 12 பெட்டிகள் கொண்ட வண்டியில் பெட்டிக்கு நான்கு அச்சு வீதம் 48 அச்சுகள். ஆகவே ஒரு வண்டி போனால் ஒவ்வொரு தண்டவாளத்தின் மேலும் 48 சக்கரங்கள் உருளுகின்றன. ஒரு தடத்தில் நாளொன்றுக்கு 250 வண்டிகள் என்று வைத்துக்கொண்டால், 12,000 சக்கரங்கள். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 44 லட்சம்.

ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? நம் கட்டைவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். பல டன் பாரம் அந்த நக அளவு இடத்தில் இறங்குகிறது, மறுகணம் விலகுகிறது, மீண்டும் இறங்குகிறது. ஒரு கம்பியை ஒரே முறையில் ஒடிக்க முடியாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இங்குமங்கும் வளைத்து வளைத்து ஒடிக்கிறோம் அன்றோ? உலோகத்துக்கும் களைப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல் ஒன்று முதலில் தோன்றும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அது மயிரிழை வளரும். கடைசியில் ஒரு நாள் தண்டவாளம் முறியும்.

இதனோடு உஷ்ணமும் சேருகிறது. பழைய நாளில் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடைவெளி விட்டிருந்தார்கள். ‘தடக் தடக்’ என்ற தாளம் அதனால் எழுந்ததுதான். இப்போது துண்டுகளைப் பற்றவைத்து நீண்ட ஒரே தண்டவாளமாக ஆக்கிவிடுகிறார்கள். ஓட்டம் மென்மையாகிறது, தேய்மானம் குறைகிறது. ஆனால் எஃகு உஷ்ணத்தில் நீளுமே! ஒரு கிலோமீட்டர் எஃகு, உஷ்ணநிலை 30 டிகிரி ஏறினால், தடையேதும் இல்லாதபோது சுமார் 34 சென்டிமீட்டர் நீளும். இங்கே நீள இடமில்லை. சிலீப்பர்களும் ஜல்லியும் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. நீள முடியாத தண்டவாளத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரி ஏற்றத்துக்கு அந்த அழுத்த விசை ஏறத்தாழ 55 டன் என்று கணக்குப் போட்டால் வருகிறது. மே மாதத்து நண்பகலில், சாதுவாகப் படுத்திருப்பது போலத் தோன்றும் தண்டவாளத்துக்குள் இத்தகைய விசை அடங்கிக் கிடக்கிறது! பிடி தளர்ந்தால் பாதை பாம்புபோல் வளைந்துவிடும். ஆகவே பிடி தளராமல் பார்ப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை.

நடந்து பார்ப்பவர்

அந்த வேலையைச் செய்பவருக்குக் கீமேன் என்று பெயர். முன்காலத்தில் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்திய ஆப்புகளுக்கு ‘கீ’ என்று பெயர். தளர்ந்த ஆப்பைச் சுத்தியலால் தட்டி இறுக்குபவர் கீமேன் ஆனார். இப்போது ஆப்புக்குப் பதில் வளைந்த எஃகுக் கிளிப்புகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. தமக்குரிய சில கிலோமீட்டர் தூரத்தைத் தினமும் நடந்தே பார்க்கிறார். சுத்தியல், ஸ்பானர், சிவப்பு-பச்சைக் கொடிகள் இவரது ஆயுதங்கள். பெரிய வேலைகளுக்குக் கேங் என்னும் குழு வருகிறது.

விரிசல் தண்டவாளத்தின் உள்ளே இருந்தால் கண்ணால் எப்படிக் காண்பது? இங்கேதான் நம் பௌதிகம் துணைக்கு வருகிறது. காதுக்குக் கேட்காத அதிர்வெண் கொண்ட ஒலியைத் தண்டவாளத்துக்குள் செலுத்துகிறார்கள். நேராகவும் சாய்வாகவும் பல கோணங்களில் அது உள்ளே செல்கிறது. குறையில்லாத எஃகானால் ஒலி அடிவரை போய்த் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் அங்கிருந்தே எதிரொலி வந்துவிடும். ஒலி புகுவதற்காக மேலே தண்ணீர் கசியவிட்டுக்கொண்டு, சிறிய தள்ளுவண்டி போன்ற கருவியைத் தண்டவாளத்தின் மேல் மெல்ல உருட்டிச் செல்கிறார்கள். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்க மருத்துவர் கையாளும் அதே தத்துவம்தான் இது.

விரிசல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து வேறு வைத்துப் பற்றவைப்பது மீதிப் பாதி. முதற்பாதியை வண்டிகளுக்கு இடையே செய்துவிடலாம். இரண்டாம் பாதிக்கு வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஜல்லியும் மழையும்

தண்டவாளத்தின் கீழே கொட்டியிருக்கும் ஜல்லி வெறும் கல் அல்ல. வண்டியின் பாரத்தைப் பரப்பித் தரைக்குக் கொடுப்பது அது. சிலீப்பரை நகரவிடாமல் பிடிப்பது அது. மழைநீரை வடிப்பதும் அதுவே. கூரிய முனைகளுள்ள கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தால்தான் இந்த மூன்றும் நடக்கும். வண்டிகள் ஓட ஓடக் கல் உரசிப் பொடியாகிறது; மண்ணும் குப்பையும் சேருகின்றன; பாதை சில இடங்களில் தாழ்கிறது. அப்போது பெரிய யந்திரம் ஒன்று வந்து தண்டவாளத்தைச் சிலீப்பரோடு தூக்கிப் பிடித்து, அதிரும் இரும்பு விரல்களை ஜல்லிக்குள் செலுத்திக் கல்லைத் திணித்து மட்டப்படுத்துகிறது. அந்த யந்திரமே தண்டவாளத்தில் நிற்பதால் அந்தத் தடத்தில் வேறு வண்டி வர முடியாது.

மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே நிலம் தாழ்வு; மிட்டி ஆறும் அருகே ஓடுகிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரமே ஸ்தம்பித்ததை நம் பெற்றோர் தலைமுறையினர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். தண்டவாளத்துக்கு மேல் நீர் ஏறினால் வண்டி நிற்பதற்குக் காரணம் உண்டு. வண்டியை இழுக்கும் மோட்டார்கள் சக்கர அச்சுகளை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கின்றன. அவற்றுக்குள் நீர் புகக் கூடாது. ஆகவே ஜூன் மாதத்துக்கு முன்னரே பாதையோரச் சாக்கடைகளையும் மதகுகளையும் தூர்வாருகிறார்கள். நாம் ஜன்னல் வழியே வீசும் ஒரு பிளாஸ்டிக் பை எந்த மதகில் போய் அடைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேலே கம்பி, கீழே சிக்னல்

1925-இல் தொடங்கியபோது கம்பியில் பாய்ந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரம். அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றி முடித்தது 2016 ஏப்ரலில். கடைசியாக மாறியது ஹார்பர் பாதை. ஏன் மாற்றினார்கள்? ஒரு வண்டிக்கு 30 லட்சம் வாட் சக்தி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 வோல்ட்டில் அதற்கு 2000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை இண்டர்மீடியட் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மிச்சமாகும் சக்தியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் வோல்ட் கூடினால் கம்பிக்கும் மேலே உள்ள பாலத்துக்கும் இடைவெளியும் கூட வேண்டும். நீராவி வண்டிக் காலத்துத் தாழ்ந்த பாலங்கள் இடையூறாயின. 1868-ஆம் ஆண்டைச் சேர்ந்த கார்னக் பாலத்தை 2022 நவம்பரில் 27 மணி நேரப் பிளாக் எடுத்து அகற்றினார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் மனிதனுக்கு அறுவைச் சிகிச்சை செய்வது போன்ற வேலை இது!

சிக்னலின் தத்துவமும் அறியத்தக்கது. பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களிலும் மெல்லிய மின்னோட்டம் ஒன்றைச் செலுத்துவது பழகிய முறை. வண்டி வந்ததும் அதன் அச்சு இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது. உடனே சிக்னல் சிவப்பாகிறது. இதிலுள்ள நுட்பம் என்னவென்றால், கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், தண்ணீர் தேங்கி மின்னோட்டம் கசிந்தாலும் சிக்னல் சிவப்பாகவே மாறும், தவறிப்போய்ப் பச்சையாகாது. ‘சிக்னல் கோளாறு’ என்ற அறிவிப்பைக் கேட்கும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அது, சந்தேகம் வந்தால் நில் என்று யந்திரத்துக்குக் கற்பித்த பாடம் சரியாக நிறைவேறுகிறது என்பதன் அடையாளம்.

இரவில் ஏன் கூடாது?

இப்போது நம் முதற்கேள்விக்கு வருவோம். மத்திய ரயில்வே மட்டுமே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1800 உள்ளூர் வண்டிகளை ஓட்டுகிறது. நள்ளிரவு கடந்து கடைசி வண்டி போகிறது. விடியற்காலை 4 மணி சுமாருக்கு முதல் வண்டி புறப்படுகிறது. இடையே கிடைப்பது சுமார் மூன்று மணி நேரம். விரைவுப் பாதைகளில் அதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. வெளியூர் வண்டிகள் இரவெல்லாம் வருகின்றன.

இந்த மூன்று மணியும் வேலைக்கு ஆகுமா என்றால், ஆகாது. முதலில் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். பிறகு கம்பியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும், பக்கத்துத் தடத்துக் கம்பியிலிருந்து தூண்டுமின்சாரம் வரக்கூடும். ஆகையால் வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் கம்பியை மண்ணோடு இணைக்க வேண்டும். யந்திரம் ஒதுக்குத் தடத்திலிருந்து நகர்ந்து வர வேண்டும். வேலை முடிந்ததும் இவற்றையெல்லாம் தலைகீழ் வரிசையில் திரும்பச் செய்ய வேண்டும். கருவிகள் எல்லாம் வந்துவிட்டனவா, தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சும் நேரத்தில், சின்ன வேலைகளை முடிக்கலாம்; அவை இரவுதோறும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு பாயிண்ட்டை முழுதாக மாற்றுவதோ, நீண்ட தூரம் ஜல்லியைத் திணிப்பதோ அதற்குள் அடங்காது. ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைப்பது, இரண்டரை மணி வீதம் இரண்டு இரவுகள் கிடைப்பதற்குச் சமமே அன்று, அதைவிட மிகுதி. ஞாயிற்றுக்கிழமைப் பிளாக்கின் ரகசியம் இவ்வளவே.

ஜப்பானில் ஷின்கான்ஸென் அதிவேகப் பாதையில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பிரயாணிகள் வண்டியே கிடையாது. அந்த ஆறு மணி நேரம் பாதைக்குச் சொந்தம். நியூயார்க் நகரத்தின் சுரங்க ரயிலோ இரவும் பகலும் ஓடுகிறது. அதனால் வாரக் கடைசியில் சில பகுதிகளை மூடி வேலை செய்கிறார்கள். மும்பை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த ஊரானாலும் பாதைக்குச் சேர வேண்டிய நேரத்தை எங்காவது ஓரிடத்தில் கொடுத்தே தீர வேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன?

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு என்ற ஊருக்கருகே, லண்டனிலிருந்து லீட்ஸுக்குச் சென்ற வண்டி தடம் புரண்டு நால்வர் மாண்டனர். தண்டவாளம் விரிசல் கண்டு நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிவிட்டது. விரிசல் இருப்பது முன்னரே தெரியும். மாற்றுவதற்கான புதிய தண்டவாளமும் பல மாதங்களாகப் பாதையோரத்திலேயே கிடந்தது! மாற்றும் வேலைதான் நடக்கவில்லை. அதன் பிறகு, வேறு எங்கெங்கே இப்படி விரிசல் உண்டோ என்ற அச்சத்தில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். அந்நாட்டு ரயில் போக்குவரத்தே பல மாதங்கள் தடுமாறிற்று.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2017 ஆகஸ்ட் 19-இல் உத்தரப் பிரதேசத்தில் கதௌலி என்னுமிடத்தில், தண்டவாளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே உத்கல் எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் வந்துவிட்டது. முறையான பிளாக் எடுக்காமல் வேலை நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முன்னதில் வேலை தள்ளிப் போடப்பட்டது. பின்னதில் நேரமில்லாமலே வேலை செய்யப்பட்டது. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கையை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். பாதைக்குக் கொடுத்த நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, தாராவியில் மகன் வீட்டில் இருக்கிறார். இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “தம்பி, லைன்ல எறங்குனா ஒரு காது சம்மட்டிக்கு, ஒரு காது வண்டிக்கு. பிளாக் கெடச்ச அன்னிக்குத்தான் ரெண்டு காதும் வேலைக்கு” என்றார். இத்தனை பக்கம் நான் எழுதியதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சுமை யார் தலையில்?

எனினும் இந்த வாதத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். செம்பூரில் என் சித்தி ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார்கள். இந்தக் கணக்கையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கியபோது அமைதியாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான்டா. ஞாயித்துக்கிழமை ஊருக்கே லீவுன்னு யார் சொன்னது? எனக்கு அன்னைக்கும் ட்யூட்டிதானே?” என்றார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அன்று பிரயாணிகள் குறைவு என்பது. குறைவுதான், ஆனால் அன்று பிரயாணம் செய்பவர் யார்? அலுவலகத்துக்காரர் அல்லர், நம்மைப்போன்ற மாணவரும் அல்லர். நர்ஸுகள், காவலாளிகள், ஹோட்டல் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தாராவிப் பட்டறைகளில் நாட்கூலிக்குத் தைப்பவர்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும் மனிதர்கள்.

இங்கே முன்பு சொன்ன தடக் கணக்கை நினைவுகூருங்கள். பிரதான பாதையில் விரைவுத் தடத்தை மூடினால், வண்டிகளை மற்றத் தடத்துக்குத் திருப்பிவிடலாம். மாட்டுங்காக்காரர் பத்துப் பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேருவார். ஹார்பர் பாதையில் இரண்டே தடங்கள். மாற்றுத் தடம் இல்லை. இரண்டையும் மூடினால் செம்பூர், கோவண்டி, மான்குர்டு மக்களுக்கு வண்டியே இல்லை. பிரதான பாதை வழியாகவும் தாணே-வாஷி வழியாகவும் அதே டிக்கெட்டில் போகலாம் என்று ரயில்வே சலுகை அளிப்பது உண்மை. ஆனால் கோவண்டியில் நிற்பவர் குர்லா போய்ச் சேருவதற்கே பஸ்ஸோ ஆட்டோவோ தேட வேண்டும்.

ஆகையால் மெய்யான பரிகாரம் பிளாக்கை ஒழிப்பது அன்று, தடங்களைப் பெருக்குவதே. உபரித் தடம் இருந்தால் ஒன்றை மூடி மற்றொன்றில் ஓட்டலாம். தாணேக்கும் திவாவுக்கும் இடையே ஐந்தாம், ஆறாம் தடங்கள் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. குர்லாவிலிருந்து தெற்கே அவற்றை நீட்டுவதற்காகவே, நூறாண்டு கடந்த சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டு முதல் தேதி போக்குவரத்துக்கு மூடப்பட்டது. தாராவி மக்கள் சுற்றுவழியில் அலைந்ததற்குக் காரணம் அதுவே. தடம் போட நிலம் வேண்டும். மும்பையில் நிலம் என்றால் அங்கே வீடுகள் இருக்கும். அந்த வீட்டுக்காரர்களுக்கு நியாயம் செய்யாமல் போடும் தடம், ஒருவர் சுமையை இறக்கி வேறொருவர் தலையில் ஏற்றுவதாகவே முடியும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டங்கள் நம் கையில் இல்லை. ஆயினும் சிறிய காரியங்கள் சில உண்டு. பிளாக் அறிவிப்பு தமிழ்ப் பேட்டைகளில் பலருக்கு ஞாயிறு காலை ஸ்டேஷனுக்குப் போன பிறகே தெரிகிறது. நம் சங்கத்தார் சனிக்கிழமை மாலையே அதைத் தமிழில் எழுதி, தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பலர் கூடும் இடங்களில் ஒட்டலாம், கைபேசியிலும் அனுப்பலாம். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை 11 மணிக்கு முன்னரோ 4 மணிக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளலாம். பிளாக் நாட்களில் பஸ்களைக் கூட்டும்படி நகராட்சியைக் கேட்கலாம். மாணவர் சங்கம் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. குறுக்கே தண்டவாளத்தைக் கடப்பதை நாமாவது நிறுத்தலாம். மும்பை ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டு போகிறார்கள். அவர்களில் மிகப் பலர் பாதையைக் கடந்தவர்களே.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி தாமதமானால் முதலில் சபிக்கும் பழக்கத்தை விட்டு, எங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை வளர்க்கலாம். புதிதாகத் திணித்த ஜல்லி இறுகும் வரையில் அவ்விடத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். அடுத்த திங்கட்கிழமை வண்டி ஓரிடத்தில் ஊர்ந்து சென்றால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பாதையோரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து ஒதுங்கி நிற்பவர்கள், முந்தின நாள் நாம் சபித்த அந்த ஐந்து மணி நேரத்தை நமக்காகச் செலவிட்டவர்கள்.